மழையில் மடங்கிய குடை

பதுளையில் படம் பார்த்துவிட்டு ஹாலிஎல பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தம்பதி. வெளியே நல்ல மழை.

"ஏங்க, படத்துல அவன் மழையில கொடைய மடக்குறது ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்றாள் மனைவி.

"பின்ன? அந்தப் பட்டிக்காட்டான் நாடகக் கம்பெனி மொதலாளியப் பார்த்ததும் கொடைய மடக்கிட்டு, நனைஞ்சுகிட்டே பாட்டுப் படிக்கிறான். தியேட்டரே சிரிச்சிச்சே புள்ள!"

"நம்ம தோட்டத்து மேனேஜர் தொரையப் பார்த்தா நீங்க கொடைய என்ன செய்றீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அட கடவுளே! அப்ப நான் என்னையப் பார்த்துத்தானா சிரிச்சேன்?"

"நீங்கதாங்க ரொம்பச் சத்தமா சிரிச்சது."

தோட்டத்துச் சந்தியில் இருவரும் இறங்கினார்கள். அவர் குடையை விரித்தார். எதிரே துரையின் ஜீப் வந்தது.

"மடக்காதீங்க!" என்று அவள் கத்துவதற்குள் குடை மடங்கிவிட்டது.

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள்.