பழைய வேர்ஷனில் பணிய லயம்

— ஸப்ரி, என்னத்தடா செஞ்ச? தண்ணி டூல் நேத்துக்கூட ஈந்திச்சே, இப்ப எங்க?

— அப்டேட் செய்யட்டா எண்டு கேட்டிச்சி ராத்தா. அமத்தினேன்.

— கேட்டா அமத்துறதா? உன்ட தலயக் கேட்டாலும் குடுப்பியா?

— மெப் சொப்ட்வேர் புது வேர்ஷனுக்குப் போயிட்டு. தண்ணி எந்த வழியா எறங்கும் எண்டு காட்டுற டூல் பழசு. ரெண்டும் ஒத்துவருதில்ல. தொறந்த உடனே மூடிக்கொள்ளுது.

— தெஹியோவிட்டப் பக்கம் மழ விடுறதாவே இல்ல. தோட்டத்தில எந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணி பாயும் எண்டு இப்பவே சொல்லணும். இருட்ட முன்ன ஆக்கள எடுக்கணும்.

— டூல் செஞ்ச ஆக்கள் புதுசு விடும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கத்தான்...

— மழ பாத்துக்கொண்டு இருக்குமா?

— அப்ப பழைய லெப்டொப்தான். அதில பழைய வேர்ஷன் அப்படியே ஈக்கி.

— எடு, எடு! பேசிக்கொண்டே நிக்காத.

— எடுத்தாச்சி. ஆனா நம்மட இந்த வருஷத்து ஃபைல் தொறக்குதில்ல. புதுசில சேவ் செஞ்சத பழசு தொடாது ராத்தா. மருமகள் ஆக்கினத மாமி தொடாத மாதிரி.

— சிரிப்பு வருதா ஒனக்கு? வேற என்ன தொறக்குது?

— நமக்கு முன்ன இந்த ஒபிஸில ஈந்த சேர் காலத்து ஃபைல் ஒண்டு. லயமெல்லாம் பேரோட ஈக்கி. சரியான பழசு, அதான் யோசிக்கிறேன்.

— மலையும் ஓடையும் எழும்பி நடந்தா போகும்? ஓட்டு.

— ஓடுது... சுத்துது... கறண்ட் மட்டும் போகாம இருந்தா சரி.

— வாய மூடிட்டு துஆக் கேளு.

— வந்துட்டு! பாருங்க ராத்தா, ஓட கரைய ஒடச்சிக்கொண்டு நேரா இங்கதான் வருது. மத்த லயமெல்லாம் தப்பும். சிவப்பில ஈக்கிறது ஒண்டே ஒண்டு. பணிய லயம்.

— ஃபோனத் தா. அலோ, தோட்டத்து அனர்த்தக் குழு டிலானியா? நான் மெப் ஒபிஸ் நுஸ்கா.

— சத்தமா பேசுங்க மிஸ், தகரத்துல மழ கொட்டுது!

— உங்கட தோட்டத்தில பணிய லயம் எண்டு ஒண்டு ஈக்கா?

— இருக்குங்க. நாங்களே அதுலதான் குடியிருக்கோம்.

— உடனே வெளிக்கிடுங்க. ஓட பெருகினா அங்கதான் பாயும். ஒரு ஆளும் நிக்கப்படாது.

— அனே மிஸ், இங்கயா? நம்பவே முடியலீங்களே. ஆளுக கேக்க மாட்டாங்க. கிருஷ்ணராஜ் மாமா கட்டில விட்டு எறங்கவே மாட்டாரு.

— நான் சொன்னேன் எண்டு சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கிறேன் டிலானி. தங்க எடம் ஈக்கா?

— தோட்டத்து ஹோல் இருக்குங்க. கூட்டம் வைக்கிற சீமெந்துக் கட்டடம். சாவி என்கிட்டதான்.

— கொஞ்சம் இருங்க. ஸப்ரி, ஹோல் சிவப்பில படுதா?

— ஹோல் ஒண்டையும் காணல்லையே ராத்தா. சிவப்பில பணிய லயம் மட்டும்தான்.

— அப்ப நல்லம். ஹோலுக்கே போங்க டிலானி. போனதும் கோல் எடுங்க, என்ன?

— ஹரி, சரி மிஸ். இப்பவே கெளப்புறேன்.

— இன்னும் கோல் வரல்ல ஸப்ரி.

— உக்காருங்க ராத்தா. நீங்க நடக்கிற நடையில தரை தேயுது. பிளேன்டீயும் ஆறிட்டு.

— எனக்கு இருப்புக் கொள்ளுதில்ல. அந்தப் பழைய டூல நம்பலாமா?

— அது கணக்குப் பிழைக்காது. மேட்டையும் பள்ளத்தையும் அளந்துதான் சொல்லுது.

— அடிக்குது, அடிக்குது! டிலானி?

— வந்து சேந்துட்டோம் மிஸ்! ஒருத்தர் பாக்கியில்ல. மெப் ஒபிஸ் மிஸ் சொல்லிட்டாங்கன்னதும் கிருஷ்ணராஜ் மாமாவே கட்டில விட்டு எந்திரிச்சிட்டாரு. வயசாளிங்கள முதுகுல தூக்கி எறக்குனோம். நீங்க நல்லா இருக்கணும்.

— அல்ஹம்துலில்லாஹ்... நில்லுங்க. எறக்கினீங்களா? ஏத்தல்லையா?

— எறக்கித்தாங்க. ஹோல் கீழதானே இருக்கு, ஓடப் பக்கம்.

— என்ன கதைக்கிறீங்க? பணிய எண்டாலே கீழதானே? பணிய லயத்துக்கும் கீழ என்ன ஈக்கி?

— பேரு மட்டுந்தான் மிஸ் அப்பிடி. தனி வீடு கட்டிக் குடுத்து எங்கள மேட்டுக்கு ஏத்தி ரொம்ப வருசமாச்சு. போகையில பேரையும் கூடவே தூக்கிட்டுப் போயிட்டோம். எந்த உச்சில இருந்தாலும் நாங்க பணிய லயத்து ஆளுகதான்.

— அப்ப... எங்கட படத்தில ஈக்கிற அந்தப் பழைய பணிய லயம்?

— அத இடிச்சிட்டுத்தானே மிஸ் இந்த ஹோலக் கட்டுனாங்க.