‘வீடு’ என்ற கோப்புறை

கொஞ்சம் பொறுங்கள், இன்ஸ்பெக்டர். மவுஸைப் போட்டு அப்படி அழுத்தினால் இந்தக் கிழட்டுக் கணினி அப்படியே நின்றுவிடும். மறுபடி எழும்ப அரைமணி நேரம் எடுக்கும். நீங்கள் அந்தக் கதிரையில் உட்காருங்கள், நானே பார்க்கிறேன். இப்போது ஆறு நாற்பது. ஏழு மணிக்கெல்லாம் திறந்துவிடும்.

உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. நாளைக் காலை திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் சனிக்கிழமைப் பதிவை நீங்கள் கொடுத்தாக வேண்டும். திரையோ ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்கிறது. அதற்குக் கணினியைக் குறை சொல்லக் கூடாது. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். எந்தக் கோப்பும் தானாகப் பூட்டிக்கொள்வதில்லை.

இந்த வீட்டில் இரண்டு கணினி. ஒன்று ஹாலில் இருக்கும் இது. மற்றது மேலே, என் மகன் பிரணவனின் அறையில். சுவரில் மாட்டியிருக்கும் மூன்று கமராக்களும் பிடிப்பதெல்லாம் மேலே உள்ள கணினியில் ‘வீடு’ என்ற கோப்புறையில் போய்ச் சேரும். அதை நான் இங்கிருந்து திறக்கலாம். பிரணவன் டொரொண்டோவிலிருந்து திறக்கலாம். அவன்தான் அப்படி அமைத்தான்.

கமரா போட்டதற்கும் காரணம் உண்டு. என் மனைவி தவமணிதேவி போய் எட்டாம் மாதம், குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு அசையவில்லை. பகல் இரண்டு மணிக்கு விழுந்தவன், மறுநாள் காலை எட்டு மணிக்குப் பால்காரர் செல்லச்சாமி வந்து ஜன்னலால் எட்டிப் பார்க்கும் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன். பதினெட்டு மணி நேரம். பலாபத்வலவில் பெரிய ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு. யாழ்ப்பாணத்துக்குப் போகும் லொறிகளின் ஹோர்ன் எனக்கு நன்றாகக் கேட்டது. என் சத்தம்தான் அவர்களுக்குக் கேட்கவில்லை.

பிரணவன் பறந்து வந்தான். கமரா பொருத்தினான், பத்து நாள் நின்றான், போனான். அதற்கு முன்னெல்லாம் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்குக் கூப்பிடுவான். அங்கே அப்போது காலை ஒன்பதரை, வேலை தொடங்க அரைமணி இருக்கும். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, மழையா என்பான். கமரா வந்த பிறகு அதற்கெல்லாம் தேவையில்லாமல் போயிற்று. ‘வீடு’ கோப்புறையைத் திறப்பான். அப்பா நடக்கிறார், அப்பா தேத்தண்ணி ஊற்றுகிறார், சரி. மூடிவிடுவான். கூப்பிடுவது வாரத்துக்கு ஒன்றாயிற்று. பிறகு மாதத்துக்கு ஒன்று. அவனில் பிழையில்லை. பார்த்துவிட்ட ஆளிடம் எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்பார்?

முதல் தடவை நடந்தது உண்மையாகவே தவறுதான். அந்நியர் யாரும் உள்ளே பார்க்கக் கூடாது என்று நினைத்து, அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். அதில் ‘எவ்ரிவன்’ என்று ஒரு பெயர் இருந்தது. அதற்கு நேரே ‘டினை’, அதாவது மறுப்பு, என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டேன். எங்கள் அலுவலகத்தில் ‘பொதுமக்களுக்கு அனுமதி இல்லை’ என்று கதவில் ஒட்டியிருப்போம். அது உத்தியோகத்தரைக் கட்டுப்படுத்தாது. அதே வழக்கத்தில் செய்துவிட்டேன்.

அன்று ஏழு மணிக்குப் போன் அடித்தது.

“அப்பா, எவ்ரிவன்னா எல்லாரும்ப்பா. நீங்க, நான், எல்லாரும்.”

“நான் வெளி ஆளுங்கன்னு நெனச்சேன்.”

“வீட்டுல நீங்க ஒரே ஒரு ஆளு. யாருக்குப் பயந்து உங்களையே வெளியில விட்டுப் பூட்டுனீங்க?”

சிரித்தான். அம்மா செத்த பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று ஐம்பது நிமிடம் பேசினோம். இங்கே அழுத்துங்கப்பா, அங்கே இல்லப்பா, வலது பக்கம்ப்பா என்று. அப்போதுதான் ஒரு விதியைச் சொல்லித் தந்தான். ஒருவனுக்கு அனுமதியும் மறுப்பும் ஒன்றாக இருந்தால் மறுப்புத்தான் வெல்லும். எத்தனை பேர் அனுமதி கொடுத்திருந்தாலும் ஒரே ஒரு மறுப்பு போதும்.

மூன்றாம் நாள் ஆறே முக்காலுக்கு அந்தக் கட்டத்தில் மறுபடி சரி போட்டேன். ஏழு மணிக்குப் போன் வந்தது.

இப்படி ஏழு மாதம். எல்லா நாளும் இல்லை. சந்தேகம் வரக் கூடாதே. ஒரு நாள் கடவுச்சொல்லை மாற்றுவேன், ஒரு நாள் பகிர்வையே நிறுத்திவிடுவேன். வில்கமுவவில் ஏழு வருஷம் குடும்பத்தை விட்டுத் தனியாக வேலை பார்த்தபோது, வாரத்துக்கு ஒரு கடிதத்துக்காகக் கடைசி பஸ் வரும் வரை சந்தியில் நின்றிருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ லேசு.

பிறகு பிரணவன் நப்லானை அனுப்பினான்.

மாத்தளை டவுனில் மார்க்கெட் பக்கம் கணினிக் கடை வைத்திருந்தாரே, அந்த நப்லான்தான். நாற்பத்திரண்டு வயது. கையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். மனைவி பர்ஸானா கட்டிக் கொடுத்தது. வட்டிலப்பம், இல்லாவிட்டால் இறைச்சி ரொட்டி. “சேருக்கு சீனி வருத்தம் இல்லதானே? அப்ப பயமில்லாம சாப்பிடுங்க. ஈந்தா எனக்கிட்ட தாங்க, நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து சாப்பிடுறேன்” என்பார். வேலை முடிந்தாலும் உடனே எழும்ப மாட்டார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மோட்டார் சைக்கிள் பனியில் நின்றுபோன கதையை மூன்று தரம் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். வேலையிலும் கெட்டிக்காரர். அவர் சரிசெய்தால் அது மறுபடி பழுதாகாது. அதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே பிரச்சினை.

சனிக்கிழமை ஐந்தேகாலுக்கு வந்தார். மேலே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்து, இதோ நீங்கள் இருக்கும் கதிரையில்தான் உட்கார்ந்தார்.

“சேர், இந்தப் பொட்டி எல்லாத்தையும் எழுதி வச்சிக்கிற சாமான் தெரியுமா? யாரு, எத்தன மணிக்கு, எத மாத்தினது எண்டு.”

“அப்படியா.”

“வைரஸும் இல்ல, பேயும் இல்ல. ஒவ்வொரு தரமும் உங்கட பேருதான் ஈக்கிது. ஆறே முக்காலுக்கு.”

நான் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

“தம்பி அங்க மூணு தரம் லீவு போட்டு இதோட மல்லுக்கட்டி ஈக்கிறாரு சேர். நீங்களே சொல்லிருங்க. எனக்கிட்ட கேட்டா பொய் சொல்ல வராது.” பிறகு, “தனியா ஈக்கிறதுதானே உங்களுக்குக் கஷ்டம்? வெள்ளிக்கிழமையில நம்மட ஊட்டுக்கு வாங்களேன். பர்ஸானா எத்தன நாளா கேக்குறா” என்றார்.

அதை நான் ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

வேலைக்கு வந்தால் வேலையை முடிக்காமல் போகிற ஆள் இல்லை. அன்று இரண்டு வேலை மிச்சம் இருந்தது. ஒன்று, தண்ணீர்த் தாங்கி நிற்கும் தூண் வழியாக மாடி அறைக்குப் புதுக் கேபிள் இழுப்பது. மற்றது, கணினியில் என் பெயருக்கு இருந்த அனுமதியைக் குறைப்பது. “கேபிளக் கட்டிட்டு வந்து அதச் செஞ்சிருவோம். அதுக்குப் பொறகு சேர் பாக்கலாம். மாத்த ஏலாது” என்றார்.

யோசித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். அவர் கீழே இறங்கினால் என் ஏழு மணி முடிந்தது.

பின்பக்கத்து முற்றத்தை நீங்கள் பார்த்தீர்கள். சீமெந்துத் தரை, சரிவு, மழைக்காலப் பாசி. பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கான். ஏணியை அங்கேதான் வைத்தோம். அவர் மேலே ஏறத் தயாரானபோது, தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே வந்து, கட்டத்தில் சரி போட்டேன். ஆறே முக்கால். பிறகு போய் ஏணியைப் பிடித்தேன்.

“புடிச்சிக்கோங்க சேர், வழுக்குது.”

“பிடிச்சிருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் என்ன சொன்னேன்? ஹாலில் போன் அடித்தது, மகன் என்று தெரிந்து ஓடினேன், ஏணியை விட்டுவிட்டேன், பேசி முடித்து வந்து பார்த்தால் நப்லான் கானுக்குள் கிடந்தார். மகன் கூப்பிட்டால் எந்தத் தகப்பன்தான் ஓட மாட்டான் என்று நீங்களே சொல்லி என் தோளில் கை வைத்தீர்கள். நல்ல மனது உங்களுக்கு.

பிரணவனோடு நாற்பத்து மூன்று நிமிடம் பேசினேன் என்பது உண்மை. “நப்லான் அண்ணன் வரலையாப்பா?” என்று கேட்டான். வந்திருக்கிறார், கேபிள் கட்டுகிறார் என்றேன். இடையில் முற்றத்தில் நப்லானின் போன் நாலு தரம் அடித்து அடித்து நின்றது. பர்ஸானாவாகத்தான் இருக்கும். அது யாருடைய போன் என்று பிரணவன் கேட்டான். பக்கத்து வீட்டில் என்று சொல்லிவிட்டு, சாரல் அடிக்கிறதே என்று குசினி ஜன்னலைச் சாத்தினேன். அன்று அவன் அம்மாவைப் பற்றிப் பேசினான். அவள் வைக்கும் கத்தரிக்காய்ப் பால்கறியைப் பற்றி. இடையில் போனை எப்படி வைப்பேன்?

பேசி முடித்தவுடனே அம்புலன்ஸுக்கு அடித்தேன். அரைமணி முந்திக் கொண்டுவந்திருந்தால் தப்பியிருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். நான் கிடந்தது பதினெட்டு மணி நேரம். அவர் கிடந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. உடம்புக்கு உடம்பு வித்தியாசம்.

பதிவை நான் அழிக்கவில்லை. கோப்பு அழிக்கும் பழக்கம் என் கைக்கு இல்லை. பூட்டி மட்டும் வைத்தேன். பூட்டினாலும் கமரா பதிவது நிற்காது, யாரும் பார்க்கத்தான் முடியாது. அதுகூட உங்களுக்குப் பயந்து இல்லை. சனிக்கிழமையிலிருந்து பிரணவன் ஒவ்வொரு நாளும் கூப்பிடுகிறான். நேற்று ஒன்றேகால் மணி நேரம்.

ஏழு ஆகிவிட்டது. இருங்கள், இப்போது அடிக்கும்.

ஏழு நாலு.

என்ன சொன்னீர்கள்?

“மகன் இன்டைக்குக் கூப்பிட மாட்டாரு, ஐயா.”

திரும்பச் சொல்ல வேண்டாம், காது கேட்கிறது. பின்னேரம் பொலிஸுக்குப் பேசியது அவன்தானா? ஓ. ஏணியில் ஏறுவதற்கு முன்பே, மேலே இருந்த அந்த ஒரு மணி நேரத்தில், கமராக்கள் பிடிப்பதெல்லாம் நேராகக் கனடாவில் பிரணவனின் கணினிக்கும் ஒரு பிரதி போகும்படி நப்லான் செய்துவிட்டாரா? பிரணவன் அதை இன்றுதான் திறந்து பார்த்தானா? நான் சொன்னேனே, வேலையை முடிக்காமல் போகிற ஆள் இல்லை என்று.

அப்படியானால் நீங்கள் வந்தது பதிவுக்காக இல்லை. நான் திறக்கிறேனா என்று பார்க்கத்தான்.

சரி. அவன் கூப்பிடப் போவதில்லை என்றால் இதைப் பூட்டி வைத்திருப்பதில் அர்த்தமில்லை. இதோ, கட்டத்தில் இருந்த சரியை எடுத்துவிட்டேன். திறந்துவிட்டது. பின்பக்கக் கமரா, சனிக்கிழமை. ஏழு மணியில் தேட வேண்டாம். ஆறு ஐம்பத்தொன்றுக்குப் போங்கள். ஏணியிலிருந்து என் இரண்டு கையும் எடுபடுவது தெரியும். பிறகு என் வலது கால், ஏணியின் அடியை ஒரு சாண் தள்ளுவது தெரியும். போன் அடிக்க அப்போது இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

அந்த ஒன்பது நிமிடமும் நான் கான் விளிம்பில் அவர் பக்கத்தில்தான் குந்தியிருக்கிறேன், பாருங்கள். தனியாகக் கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அவரைத் தனியாக விடவில்லை. பர்ஸானாவிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கமராக்களில் சத்தம் பதிவாகாது. அதனால்தான் கேட்கிறீர்கள், அவருடைய வாய் அசைகிறதே, கடைசியாக என்ன சொன்னார் என்று. மூன்று தரமும் ஒன்றைத்தான் சொன்னார். “அம்புலன்ஸுக்கு ஒரு கோல் எடுங்க சேர்.”

போன் ஹாலில் இருக்கவில்லை, இன்ஸ்பெக்டர். என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை. பிரணவன் கூப்பிடுகிற நேரம். லைன் பிஸி என்றால் அவன் வைத்துவிடுவான்.