காதில் விழுவதும் காது கொடுப்பதும்

— மறுபடியும் தப்புங்க. ஸ்பானிஷ் பாட ரெக்கார்டிங்ல அந்தப் பொண்ணு 'ஓயீர்'னு சொல்லுது. நீங்க 'எஸ்குச்சார்'னு எழுதி வச்சிருக்கீங்க.

— ரெண்டும் கேக்கறதுதானே அம்மணி. ஒரு வேலைக்கு ரெண்டு வினைச்சொல். ஸ்பானிஷ்காரனுக்குப் பொழுது போகல போல.

— ஒண்ணு, தானா காதுல விழறது. இன்னொண்ணு, காது கொடுத்துக் கேக்கறது.

— அப்ப கல்யாணமானதுலேர்ந்து நீ சொன்னதெல்லாம் ஓயீர்.

— பேச்சை மாத்தாதீங்க. பாடமெல்லாம் உங்களுக்குத் தலைகீழாத் தெரியும். காதுதான் கேக்கல.

— யாருக்கு? முப்பத்தஞ்சு வருஷம் மில்லுல இருநூறு தறிக்கு நடுவுல நின்னவன்டி நான். கடைசி வரிசைல ஒரு நூல் அறுந்தா கேன்டீன்லேர்ந்தே சொல்லுவேன். எறும்பு தும்மினாக்கூட...

— எறும்பு கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை பேத்தி முதல் தடவையா உங்ககிட்டப் பேசப்போறா. அவளுக்கு ஸ்பானிஷ் தவிர ஒரு வார்த்தை வராது. மக வீட்டுல நெட்டும் சரியில்ல, போன்ல வெறும் குரல்தான். அவ ஒண்ணு கேக்க, நீங்க ஒண்ணு சொல்லவா?

— அதுக்குத்தானே ஆறு மாசமா உயிரை விட்டுப் படிக்கறேன்.

— ஒரே ஒரு தடவை காது டாக்டர்கிட்டக் காட்டிடலாம்.

— மெஷினை மாட்டிவிட்டு என்னைக் கிழவனாக்கலாம்னு பாக்கறியா? ரெக்கார்டிங்தான் மோசம். நீ வாயால கேளு. ஒண்ணு தப்பினாலும் டாக்டர்கிட்ட வரேன். தப்பலேன்னா அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.

— சரி, எதிர்ல உக்காருங்க.

— உக்காந்தாச்சு.

— மழைச் சத்தம் கேக்குது. எது?

— ஓயீர். அது தானா விழறது.

— பாட்டைப் போட்டுட்டுக் கண்ணை மூடிக்கறோம்?

— எஸ்குச்சார். கொஞ்சம் கஷ்டமாத்தான் கேளேன்.

— தெருவுல போறவர் சும்மா கண்ணுல படறாரு.

— வெர்.

— வச்ச கண்ணு வாங்காம பாக்கறது?

— மிரார். உன்னை முதல்ல பாத்தப்ப நான் பண்ணது. மூணு நாள் இமைக்கல.

— போதும் போதும். ஒரு சேதி தெரியறதுக்கு?

— சபேர்.

— ஒரு ஆளைத் தெரியறதுக்கு?

— கொனோசேர். நாப்பது வருஷமா உன்னை.

— எல்லாம் சரி.

— பாத்தியா? இது பாம்புக் காதுடி. அந்த டாக்டரை வேற ஆளைப் பாக்கச் சொல்லு.

— நீங்க எதிர்ல உக்காந்ததுலேர்ந்து நான் குரலே எழுப்பலைங்க. உதட்டை மட்டும்தான் அசைச்சிட்டிருக்கேன், இப்பவும். போன்ல அவ உதடு தெரியாது.