செவ்வாய்க்கிழமை குனிந்தே போவோம்

மேடையில் அமர்ந்திருக்கும் நோயாளிகள் சங்கத் தலைவி தோன்யா ப்ரோவி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, நாற்காலியில் உட்கார முடிந்தவர்களே, முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்பவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"நீ பேசுடா யாமில். எங்களுக்குத்தான் முதுகு இல்ல, உனக்கு வாயாவது இருக்கு" என்றார் தலைவி. பதினாறு வயதுக்காரனை மேடையேற்றுகிறார்கள் என்றால் நம் சங்கம் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறது, பாருங்கள்!

டாக்டர் எரக்லியோ பகான் போய்விட்டார். நம் ஹயூயா மலைச் சரிவுகளில் இடுப்பில் கூடை கட்டிக் காப்பிப்பழம் பறித்து வளைந்துபோன முதுகெலும்புகளை வெறும் கையால் சீராக்கிய கைரோபிராக்டிக் மருத்துவர் போய்விட்டார். அவர் கேட்டது என்ன? அரசுக் காப்பீடு அந்தச் சிகிச்சைக்கும் செல்ல வேண்டும் என்பதுதானே! மாத்திரைக்குச் செல்கிறது. ஊசிக்குச் செல்கிறது. அவர் கைக்கு மட்டும் செல்லாதா?

சட்டமன்றத்தின் காலம் முடியும்போதெல்லாம் அதைக் கேட்கும் நம் மசோதாவும் சாகும். புது மன்றத்தில் புது எண்ணோடு பிறக்கும். பழைய பதாகையின் மேல் நாம் புது எண்ணை ஒட்டுவோம். ஒட்டி ஒட்டி, இப்போது அதைச் சுருட்டக்கூட முடிவதில்லை. மசோதா எத்தனை முறை செத்தாலும் பிழைத்து வருகிறது. டாக்டருக்குத்தான் அந்த வசதி இல்லை.

போன முறை மசோதா விசாரணைக்குத் தலைநகர் போனது நினைவிருக்கிறதா? மலைப்பாதை முழுக்க வளைவு. கீழே இறங்குவதற்குள் பேருந்தே முனகியது. வறுத்த பன்றிக்கறிக் கடையில் நிறுத்தியதும் டாக்டர் மடக்குமேசையை விரித்து, பெரியவர் தீத்தோவை முதலில் குப்புறப் படுக்க வைத்துவிட்டார்.

"மூச்ச விடுங்க, தோன் தீத்தோ. கறிய அப்புறம் பாத்துக்கலாம்."

மொறுக்கென்று ஒரு சத்தம்.

"டாக்டர், உடைஞ்சது என் எலும்பா, தட்டுல இருக்குற பன்னித் தோலா?"

அப்படியே ஒவ்வொருவராகப் படுத்து எழுந்தோம். தலைநகரில், விசாரணை மண்டபத்துக்குள் எல்லோரும் கொடிக்கம்பம் மாதிரி நடந்து போனோம். விசாரிக்கும் சட்டமன்றக் குழுத் தலைவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் ஜம்முனு இருக்கீங்களே! உங்களுக்கு எதுக்கு இந்தச் சட்டம்?" என்றார். ஒத்திவைத்தார்கள்.

திரும்பும் வழியில் தலைவி வெடித்தார்: "கெடுத்ததே நீங்கதான், டாக்டர்! ஒரு நாள் எங்களக் கோணலா விட்டிருக்கக் கூடாதா?"

"வலியில நெளியுற ஆள் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு எப்படிம்மா உக்காந்து வர்றது?" என்றார். பிறகு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அன்றுதான் அவர் முதுகும் வளைந்திருப்பதைப் பார்த்தேன். நம் முதுகையெல்லாம் பார்த்தவரின் முதுகை நம்மில் யார் பார்த்தோம்?

என் அம்மா நெரெய்தா, இதோ, மூன்றாவது வரிசையில் நிற்கிறாள். பார்க்க மரியாதைக்கு நிற்பதுபோல் இருக்கும். உட்கார்ந்தால் எழ முடியாது, அதுதான் விஷயம். "என்ன தரணும், டாக்டர்?" என்று கேட்கும்போதெல்லாம் "மசோதா வரட்டும்" என்றே சொல்லி அனுப்பினார். போன்ஸே நகரில் இன்னொரு கைரோபிராக்டிக் மருத்துவர் இருக்கிறார். அரசுக் காப்பீட்டு அட்டையை நீட்டினால், சிகிச்சை தர வேண்டிய கையை விரித்துக் காட்டுகிறார். காப்பி பழுக்கத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிடுவது நான்தான். கூடையை யார் கட்டுவது?

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி விசாரணை. "அவரே போயிட்டாரு, இனி நாம எதுக்கு?" என்று வாசலில் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. எனக்கும் அலுப்புத்தான். பதாகையைத் தூக்கித் தூக்கி என் தோளே ஒரு பக்கம் இறங்கிவிட்டது, இந்த வயதிலேயே!

ஆனாலும் போவோம். டாக்டர் எரக்லியோ பகான் பெயரால் நாம் எடுக்கும் உறுதி அவ்வளவுதான்: பேருந்தில் ஏறுவோம். அதே கடையில் நிற்போம். மேசையும் வரும், அதை விரிக்க ஆள் வராது. மண்டபத்துக்குள் இந்த முறை குனிந்தே நுழைவோம். யாரும் நடிக்க வேண்டாம். நடிக்கத் தேவையும் இருக்காது. முன் வரிசையில் அம்மா நிற்பாள்.

"உங்க டாக்டர் எங்க?" என்று குழுத் தலைவர் கேட்டால், யாரும் வாய் திறக்காதீர்கள். நானும் திறக்க மாட்டேன்.

நம் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.