குறுக்குக் கம்பி

"கலியாணத்துக்கு முன்னம் எதையும் குடு, சைக்கிளை மட்டும் தம்பிக்குக் குடுத்திடாதை."

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் லாஞ்சுக்காக நின்ற வரிசையில், கைக்குழந்தையோடு இருந்தவள் தன் பள்ளித் தோழியிடம் சொன்னாள். தோழிக்கு அடுத்த மாதம் கலியாணமாம்.

"கேட்டால் திருப்பித் தருவான்தானே?"

"ஓம், என்ர தம்பியும் தந்தவன்தான். ஆனால் பொம்பிளைச் சைக்கிள் ஓட வெக்கமெண்டு, குறுக்கே கம்பி பத்தவைச்சுப்போட்டான். சீலையோட ஏறேலாது. பஸ்ஸை நம்பி நேரத்துக்குப் போகேலாமல், கந்தோர் வேலையையும் விட்டிட்டன்."

"கம்பியை வெட்டுவிக்கலாமே?"

"கலியாணம் முடிச்சவளுக்கு இனி என்னத்துக்குச் சைக்கிளெண்டு வீட்டில கேக்கினம்."

லாஞ்ச் வந்ததும் கயிறு கட்டினார்கள். தோழி நகரவில்லை.

"என்ர தம்பி காலமையே என்ர சைக்கிளை வெல்டிங் கடைக்குக் கொண்டு போயிட்டானடி."