சிவப்புப் பாக்கெட்டை நிறுத்தினது யாரு

...இதை ருசி பாக்கணும்னு எனக்கென்னம்மா தலையெழுத்து? கடை வாசல்ல நின்னு சிரிச்ச முகமா சாம்பிள் தட்டை நீட்டுற, வேணாம்னு சொல்ல வாய் வரல. அதுக்காக, சீஸும் சர்க்கரையும் தூவி... இது சிப்ஸா, இல்ல பல்லு மொளைக்கிற கொழந்தைக்குக் குடுக்கிற பண்டமா?

உலகம் பூரா விக்கிற கம்பெனிதானே உங்களுது? அந்தந்த ஊரு நாக்குக்குத் தக்கபடி போடுறீங்களாம். ஒரு நாட்டுல கடல்பாசியாம், இன்னொண்ணுல வெள்ளரிக்காயாம். போடுங்க, அவங்க நாக்கு அவங்க பாடு. எங்களுக்கு வந்துட்டிருந்த அந்தச் சிவப்புப் பாக்கெட் கார சிப்ஸை ஏம்மா நிறுத்துனீங்க?

அந்தக் காரத்தோட அருமை உனக்குத் தெரியாது. எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சண்டைன்னா யாரும் மன்னிப்புக் கேக்க மாட்டோம். ரெண்டு பேருக்குமே அது வராது. அவரு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து நடுவுல வெப்பாரு. நாலு வாய் உள்ள போனா கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. ஒருத்தருக்கொருத்தர் தண்ணி எடுத்துக் குடுத்துத்தானே ஆகணும்? அப்படியே பேச்சு வந்துடும். இந்தத் தடவை, பாவம், இதைத்தான் வாங்கிட்டு வந்தாரு. தின்னு முடிச்சோம். அவரு அந்த ரூமுக்குப் போனாரு, நான் இந்த ரூமுக்கு வந்தேன். இன்னியோட பதினோரு நாள்.

ஊரைக் கேட்டுத்தான் மாத்துனோம்னு சொல்லுவ. தெரியும். இதே கடை வாசல்ல நோட்டோட ஒரு பொண்ணு நின்னுச்சு, வீட்டுல எந்த ருசி பிடிக்கும்னு கேட்டுச்சு. வரிசையில மொதல்ல நின்னவ, காரமே ஆகாது, இனிப்பா போடுங்கன்னுட்டா. பின்னாடி இருந்த இருபது பேருக்கும் பஸ்சுக்கு நேரமாச்சு. அந்தக்கா சொன்னதையே எழுதிக்கன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஓடிட்டாங்க.

என்ன அப்படிப் பாக்குற... ஆமா, நான்தான் அந்தக்கா. தவளை தன் வாயாலதான் கெடும். அன்னிக்குக் காலையில அவரோட சண்டை. அந்த மனுசனுக்குப் பிடிச்சது எதுவும் கெடைக்கக் கூடாதுன்னு சொல்லித் தொலைச்சேன். சாயங்காலமே சிவப்புப் பாக்கெட்டைத் தின்னு ராசியாயிட்டோம், நான் சொன்னது மட்டும் நோட்டுல நின்னுடுச்சு. எங்க வீட்டுல என் பேச்சை ஒருத்தரும் கேட்டதில்ல. கம்பெனிக்காரன் கேப்பான்னு நான் கண்டேனா?

கையில கருத்து எழுதுற பாரம் வெச்சிருக்கியே, எழுதிக்க. நல்ல காரம். திரும்ப வர எத்தனை நாளாகும்?

ஆறு மாசமா... அவ்வளவு நாள் என்னால முடியாதும்மா.

உன் போனைக் கொஞ்சம் குடு. என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டாரு.