ஐந்நூற்று நாற்பதில் ஒரு மேடு

மத்தியானச் சாப்பாடு சூடாக இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. விசாரணைக் குழுவில் மற்ற இருவரும் எப்படிச் செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். தலைவர் நீலகண்டன் அவர்கள் மட்டும் ஏன் செய்தீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில்தான் மேலே சொன்னது.

குழுவில் இருப்பவர்கள் சென்னைக்காரர்கள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். ஆகவே எழுத்துப் பிழைகளை என் மனைவி அனந்தலக்ஷ்மி திருத்திக் கொடுப்பாள். அவள் மயிலாப்பூரில் படித்தவள்.

என் பெயர் வெங்கிடேஸ்வரன். கொச்சியில், மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு சுக்கு குடோனின் மாடியில் நம் நிறுவனத்தின் ஒளியளவைப் பிரிவு இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு வருடமாக டெக்னிக்கல் அசிஸ்டெண்ட். வீடு பேலஸ் ரோட்டுக்குப் பின்சந்தில். பன்னிரண்டு நாற்பதுக்கு மாடியிலிருந்து இறங்கினால், பன்னிரண்டு நாற்பத்து நாலுக்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சாதம், மொளகூட்டல், தொட்டுக்கொள்ள ஒரு மெழுக்குப்புரட்டி. மறுபடி சூடு பண்ணின சாதத்தை நான் தொடமாட்டேன். ஒரு வாய் போட்டாலே என் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

வேலை இதுதான். கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிதக்கின்றன. பாதி உயிருள்ள பாசி, பாதி செத்தது, கொஞ்சம் தூசி. வடதுருவத்தில் கப்பலிலேயே அந்தத் தண்ணீரை வடிகட்டி, பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய வெள்ளை ஃபில்டர்களில் துகள்களைப் பிடித்து, உறையவைத்து எங்களுக்கு அனுப்புவார்கள். நான் ஒவ்வொரு ஃபில்டரையும் கருவியில் வைத்து ஒளி பாய்ச்சுவேன். எந்த நிறத்து ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று திரையில் ஒரு கோடு வரும். பாசி இருந்தால் நீலத்தில் ஒரு மேடு, சிவப்பில் ஒரு மேடு. பிறகு மெத்தனால் ஊற்றிப் பச்சையை எடுத்துவிட்டு மறுபடி அளப்பேன். முதலில் வந்ததிலிருந்து இதைக் கழித்தால் பாசியின் பங்கு. பனி உருகும் கடலில் வெயில் எவ்வளவு தூரம் இறங்கும், தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். என் பொறுப்பு கோடு வரைவது வரைக்கும்தான்.

போன வருடம் ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. மட்டாஞ்சேரிப் பிரிவு மூடப்படும், கருவியும் பணியாளரும் கலூர் அலுவலகத்துக்கு மாற்றப்படுவார்கள் என்று. கலூருக்குத் தோப்பும்படி வழியாக பஸ்ஸில் ஒரு மணி நேரம். எனக்குப் பயணம் ஒரு பொருட்டில்லை. ஆனால் மத்தியானம் டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சாதத்தைக் கட்டி கட்டியாக உடைத்துச் சாப்பிட வேண்டும். எனக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. சனி, ஞாயிறு, விடுமுறை போக ஏறத்தாழ எழுநூறு சாப்பாடு. அன்று எனக்கு வேலையில் கவனம் இல்லை என்பதை நான் மறைக்கவில்லை.

அந்தக் கவனக்குறைவில்தான் முதல் ஃபில்டர் கெட்டது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது விபத்து. அளப்பதற்கு முன் ஃபில்டர் காய்ந்துபோனால் அதன்மேல் இரண்டு சொட்டு வடிகட்டிய கடல் தண்ணீர் விட வேண்டும் என்பது விதி. கைக்கெட்டிய பாட்டிலிலிருந்து விட்டேன். அது என் குடிதண்ணீர் பாட்டில். எங்கள் வீட்டில், இந்த ஊரில் பாதி வீடுகளில் நடப்பதுபோல, தண்ணீரைப் பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம். இளஞ்சிவப்பாக இருக்கும். பிறந்ததிலிருந்து அந்த நிறத்தைப் பார்த்தவனுக்குத் தண்ணீர் என்றாலே அந்த நிறம்தான். அது வேறு நிறம் என்றே தோன்றவில்லை.

திரையில் ஐந்நூற்று நாற்பது நானோமீட்டரில், பச்சை ஒளி இருக்கும் இடத்தில், ஒரு மேடு வந்தது. துருவக் கடலில் அங்கே மேடு வருவது வழக்கமில்லை. நான் ஃபைலை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் சுபாஷிணி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் திட்டத் தலைவி. பாலக்காட்டுக்காரர், நாற்பத்து நாலு வயது, கெட்டிக்காரி. ஒன்பது வருடத்தில் அந்த மாடிக்கு அவர் இரண்டு தடவைதான் ஏறியிருப்பார்.

"வெங்கிடேஸ்வரன் சார், இது என்னவாக்கும்?" என்றார். சார் என்று அவர் முதல் தடவை சொன்னது அன்றைக்குத்தான். "சிவப்பு நிறமி உள்ள பாசி மாதிரி இருக்கே. பனிக்கடல்ல இவ்வளவு இருக்கறதா ஆரும் சொன்னதில்லை."

தெரியாத விஷயத்தில் வாய் திறக்காமல் இருப்பது என் பழக்கம்.

"இந்தக் கருவியை இனி அசைக்கப்படாது. இதே ரூம், இதே கை. நான் ஆபீசுக்கு எழுதறேன்," என்றார். கீழேயிருந்து சாயா வரவழைத்துத் தன் கையால் எனக்குக் கொடுத்தார்.

இடமாற்றம் நின்றது. இதை நன்றாகக் கவனிக்கும்படி குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மேடு இருக்கும்வரை மாடி இருக்கும், மாடி இருக்கும்வரை சாப்பாடு சூடாக இருக்கும். என் இடத்தில் யார் இருந்தாலும் இதைக் கவனித்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் என் பாட்டிலைப் பார்த்தபோதுதான் மேடு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. மறுநாள் முதல் எல்லா ஃபில்டருக்கும் அதிலிருந்தே சொட்டு விட்டேன். மனம்போன போக்கில் விடவில்லை. மேல்மட்டத்துத் தண்ணீருக்கு அரைச் சொட்டு, நூறு மீட்டர் ஆழத்துக்குக் கால் சொட்டு, ஏனென்றால் ஆழத்தில் பாசி குறைவாகத்தான் இருக்கும். அறிவியலுக்கு விரோதமாக நான் எதுவும் செய்யவில்லை. உண்மையான சிவப்பு நிறமி மெத்தனாலில் கரையாது, கழுவிய பிறகும் மேடு நிற்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பதிமுகம் கரைந்துவிடும். ஆகவே கழுவிய பிறகு இன்னொரு தடவை விட்டேன். அவர் எதிர்பார்த்தது இருந்தது. கூட வேலை செய்பவரின் எதிர்பார்ப்பை மதிக்க வேண்டும் என்று நினைப்பவன் நான்.

மே மாதத்தில் ஒரு சின்ன இடைஞ்சல். "ஏன்னா, பதிமுகம் தீர்ந்துபோச்சு. இன்னிக்கு ஜீரக வெள்ளம்தான்," என்றாள் அனந்தலக்ஷ்மி. ஜீரகத் தண்ணீரில் நிறமே இல்லை. பதினொரு ஃபில்டர்களில் மேடு வரவில்லை. அதற்குப் பிறகு கீழ்க்கடையிலிருந்து நானே ஒரு பொட்டலம் பதிமுகம் வாங்கி லாபிலேயே ஊறப் போட்டேன். நிறம் அடர்த்தியாக இறங்கியது, கடல் உப்பு பட்டால் இன்னும் நன்றாகச் சிவந்தது. ஆனால் அந்தப் பதினொன்றும் டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டன. அந்தப் பதினோரு இடத்தில் மட்டும் பாசி ஏன் இல்லை என்று பார்த்துவர சந்தீப்பை மறுபடி துருவத்துக்கு அனுப்பினார்.

சந்தீப் எங்கள் ஆராய்ச்சியாளர். முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள். குளிர் ஒத்துக்கொள்ளாத உடம்பு. போர்ட் கொச்சிக் கடற்கரையில் சாயங்காலக் காற்றுக்கே மஃப்ளர் கட்டுவான். நாற்பத்தேழு நாள் வாடகைக் கப்பலில் போனான். பனித்திட்டில் இறங்கி, நனைந்த பூட்ஸோடு முக்கால் மணி நேரம் நின்று, அந்தப் பதினோராவது இடத்தில் தண்ணீர் எடுத்தான். திரும்பி வந்தபோது இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

"சாரமில்ல சாரே, அது போட்டும்," என்றான் என்னிடம். "ஷூ போட்டா ஆருக்கும் தெரியாது. மேடு வந்துதோ, அதைச் சொல்லுங்கோ."

வந்தது என்று சொன்னேன். அவன் கண் கலங்கியது. அவன் அத்தனை தூரம் போய் எடுத்துவந்ததில் மேடு வராமல் இருந்தால் எவ்வளவு மனவருத்தமாக இருந்திருக்கும் என்று நினைத்துத்தான் அன்றைக்கு முழுச் சொட்டு விட்டேன். சுண்டுவிரல் விஷயத்தில் குழு என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. பதிமுகம் தீர்ந்ததால்தான் அவன் போக நேர்ந்தது. எங்கள் வீட்டில் கடைக்குப் போவது நான் இல்லை.

அக்டோபரில் டாக்டர் வெளிநாட்டுக் கூட்டத்தில் பேசினார். முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்களாம். வேறு நாட்டுக்காரர்கள் தங்கள் தண்ணீரில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். டாக்டர் விடவில்லை. "எங்களோட வெங்கிடேஸ்வரன் சாருக்குக் கை தப்பாது," என்று அவர்களுக்குப் பதில் எழுதியிருந்தார். அச்சிலேயே இருக்கிறது. கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. படிக்கும்போது எனக்கு அவர்மேல் உண்மையாகவே பாசம் வந்தது. அப்போதும் நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடத்துக்குமேல் பாக்கி இருந்தது.

போன மார்ச்சில், கட்டுரைக்குப் பரிசு கிடைத்த அன்று, டாக்டர் இனிப்புப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மேல்மூச்சு வாங்கியது, வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"மாமி, கொஞ்சம் பச்சவெள்ளம் தருவேளா?"

"ஐயோ, பைப்புத் தண்ணியைக் குடிக்கறதா," என்று அனந்தலக்ஷ்மி உள்ளே போய், காய்ச்சி ஆறவைத்ததைக் கண்ணாடி டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள்.

டாக்டர் டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோனார். பிறகு இறக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினான்கு மாதம் அந்தக் கோட்டைப் பார்த்த கண்கள் அல்லவா. பிறகு மேஜைமேல் இருந்த, நான் லாபுக்குக் கொண்டுபோகும் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னை.

"இதையா சார்?" என்றார்.

"கொதிக்க வச்சதுதான் டாக்டர். சுத்தமானது," என்றேன்.

அவர் குடிக்கவில்லை. இனிப்பை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் கட்டுரையைத் தானே வாபஸ் வாங்கினார், பரிசைத் திருப்பி அனுப்பினார், வேலையையும் விட்டுவிட்டார். இப்போது பாலக்காட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாராம். சொந்த ஊர், நல்ல காற்று. ஒருவிதத்தில் நல்லதுதான்.

ஆக மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபில்டர்கள். அவற்றில் பதினொன்றைத் தவிர எல்லாவற்றிலும் இருப்பது எங்கள் வீட்டுப் பதிமுகம். முதல் ஒன்று விபத்து. மீதி இருநூறையும் நான் தெரிந்து, நிதானமாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் செய்தேன். ஒளியளவைப் பிரிவு வரும் திங்கட்கிழமை கலூருக்குப் போகிறது. நான் போகவில்லை, எனக்கு வேலை இல்லை. இத்துடன் என் வாக்குமூலம் முடிகிறது.

மேலே கண்டதோடு முடித்திருந்தேன். பிழை பார்க்கக் கொடுத்த இடத்தில் ஒரு விஷயம் தெரியவந்ததால் இதையும் சேர்க்கிறேன்.

அனந்தலக்ஷ்மி பேனாவோடு உட்கார்ந்து முழுவதும் படித்தாள். நாலு இடத்தில் ஒற்று போட்டாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பப் போய், 'அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சாதம்' என்ற வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இதுக்காகவா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"ஏன்னா, நேக்கு நடுப்பகல்ல அடுப்படில நிக்க முடியாம போய் ஒன்பது வருஷமாச்சு. காலம்பற ஆறு மணிக்கே எல்லாம் ஆக்கி வச்சுடுவேன். கேட் சத்தம் கேட்டதும் மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம். அவ்வளவுதான்." பேனாவை மூடி வைத்தாள். "கலூர் ஆபீஸ்லயும் மைக்ரோவேவ் இருக்குன்னு, மாத்தல் கடிதம் வந்தப்பவே சுபாஷிணி எங்கிட்ட போன்ல சொன்னாளே. டப்பால போட்டுத் தந்திருந்தா இதே சாதத்தை இதே சூட்டோட அங்கே சாப்பிட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு விரலாவது மிஞ்சியிருக்கும்."

அழுதாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அங்கே நான் அதிகம் போனதில்லை. இருந்தது. பால் சுடவைக்க என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பெட்டி.

குழுவினரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒருவர் தன் முன்னால் வைக்கப்பட்டதை அப்படியே நம்பி ஏற்றுக்கொள்கிறார். அந்த நம்பிக்கையைத் தெரிந்துகொண்டே, நாள் தவறாமல், ஒன்பது வருடம், முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் இன்னொருவர் ஏமாற்றியிருக்கிறார். இப்படிச் செய்ய ஒரு மனிதருக்கு எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை, இதையும் சேர்த்து விசாரிக்க வேண்டுகிறேன்.